ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு விலை: அமெரிக்க மாநிலங்களின் உள்ளூர்ச் சலுகை

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடபகுதியில் ஃபிராங்கோனியா நாட்ச் என்று ஒரு மலைக் கணவாய். அதன் ஓரத்தில் கேனன் மலை. குளிர்காலத்தில் அங்கே பனிச்சறுக்க வருகிற 65 வயதைத் தாண்டிய ஒருவர், நியூ ஹாம்ப்ஷயர் முகவரி போட்ட அடையாள அட்டையை டிக்கெட் கவுன்ட்டரில் காட்டினால் போதும். விடுமுறை இல்லாத வார நாளாக இருந்தால் மலை உச்சிக்கு ஏற்றிச் செல்லும் கம்பிவட நாற்காலிக்கான லிஃப்ட் டிக்கெட்டுக்கு அவர் பணம் தர வேண்டியதில்லை. வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவருக்கும் அதே வயதுதான், ஆனால் பாஸ்டனிலிருந்து காரோட்டி வந்தவர். அவர் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். மலை ஒன்று, லிஃப்ட் ஒன்று, பனியும் ஒன்றுதான்.

பனிச்சறுக்குப் பக்கமே போகாத தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த ஏற்பாடு வேறொரு வடிவத்தில் நன்றாகவே தெரியும். டாலஸிலோ நியூ ஜெர்சியிலோ பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் நாலு பேர் கூடினால், "இன்-ஸ்டேட் கிடைச்சிடுமா?" என்ற பேச்சு வராமல் இருக்காது. மாநில அரசின் கல்லூரிகளில் அந்த மாநிலத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளிமாநிலப் பிள்ளைக்கு அதைவிட மிக அதிகமாக இன்னொரு கட்டணம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையே பார்க்கலாம். 2025-இல் இளங்கலையில் சேர்ந்தவருக்குப் பொதுக் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 ஆயிரம் டாலர். வெளிமாநிலத்தவர் என்றால் அதற்கு மேல் இன்னும் 37,602 டாலர். விடுதியும் சாப்பாடும் தனி. நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் இந்தக் கூடுதல் மட்டுமே ஒன்றரை லட்சம் டாலர் ஆகிறது. ஒரு குடும்பம் எந்த ஊரில் வீடு பார்ப்பது என்பதையே மாற்றிவிடக்கூடிய தொகை இது.

மலை டிக்கெட்டும் கல்லூரிக் கட்டணமும் வெளிப்பார்வைக்கு ஒரே சரக்குதான்: பொதுச் சொத்து, உள்ளூர்க்காரருக்குக் குறைந்த விலை. ஆனால் உள்ளே ஓடுகிற கணக்கு இரண்டிலும் வேறு வேறு. இரண்டுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. 'நம்மவர்' யார் என்று எப்படி முடிவு செய்வது? நிஜமான சண்டை எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

மலை யாருடையது?

அமெரிக்காவின் பெரிய பனிச்சறுக்குத் தளங்கள் பெரும்பாலும் தனியார் கையில்தான். மேற்கு மாநிலங்களில் நிலம் மத்திய அரசின் வனத்துறைக்குச் சொந்தமாக இருக்கும், நிறுவனம் அனுமதி பெற்று நடத்தும். அங்கெல்லாம் உள்ளூர்ச் சலுகை என்றால் அது வியாபாரத் தந்திரம், அவ்வளவுதான். பொதுமக்களுக்கே சொந்தமான தளங்களும் அங்கங்கே உண்டு. கேனன் மலையை நியூ ஹாம்ப்ஷயரின் மாநிலப் பூங்காத் துறையே நடத்துகிறது. வட அமெரிக்காவிலேயே முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிச் சென்ற கம்பிவட ஊர்தி 1938-இல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. ஒலிம்பிக் பதக்கக்காரர் போடி மில்லர் சிறுவனாகச் சறுக்கிப் பழகியதும் அந்த மலையில்தான். நியூயார்க் மாநிலத்துக்கு வொயிட்ஃபேஸ், கோர், பெல்லேயர் என்று மூன்று மலைகள். 1980-இல் லேக் பிளாசிடில் குளிர்கால ஒலிம்பிக் முடிந்ததும், மறு ஆண்டே அந்த வசதிகளைப் பராமரிக்க ஒரு பொது ஆணையத்தை மாநிலம் அமைத்தது. இன்று மூன்று மலைகளும் அதன் பொறுப்பில். நியூ ஹாம்ப்ஷயரிலேயே கன்ஸ்டாக் என்கிற தளம் பெல்க்னாப் கவுன்ட்டிக்குச் சொந்தம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க மத்திய அரசு போட்ட திட்டத்தில் உருவானது அது.

பொதுச் சொத்து என்பதாலேயே உள்ளூர்ச் சலுகை தானாக வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. கொலராடோவில் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் நகராட்சிக்கு ஹாவெல்சன் ஹில் என்ற குன்று இருக்கிறது. 1915-லிருந்து பனிச்சறுக்கு விடாமல் நடக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை இலவசம், ஆனால் எல்லோருக்கும். எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. அதே மாநிலத்தின் வின்டர் பார்க் இன்னொரு விதம். 1940-இல் டென்வர் நகராட்சி தொடங்கிய தளம், இன்றும் அதன் சொத்து. நடத்துவது ஒரு தனியார் நிறுவனம். அந்த நிறுவனம் ஆண்டுதோறும் குறைந்தது 20 லட்சம் டாலர் நகராட்சிக்குக் கட்டுகிறது, அது ஊர்ப் பூங்காக்களின் செலவுக்குப் போகிறது. டென்வர்வாசி வாழ்நாளில் ஒருமுறைகூடப் பனிச்சறுக்காவிட்டாலும், அவர் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் அந்த மலையின் பணம் கொஞ்சம் இருக்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. பனிச்சறுக்கு பொதுவாகக் கையில் காசு உள்ளவர்களின் விளையாட்டு. டிக்கெட்டில் தள்ளுபடி கொடுத்தால் பலன் அவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும்.

"நாங்கள் வரி கட்டியிருக்கிறோம்"

உள்ளூர்ச் சலுகைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம் இது. மாநிலக் கல்லூரியைக் கட்டியது எங்கள் வரி, நடத்துவது எங்கள் வரி. அதனால் நாங்கள் ஏற்கெனவே பாதி விலை கொடுத்துவிட்டோம், மீதியைத்தான் இப்போது கட்டுகிறோம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் ஓட்டை தெரியும்.

போன மாதம் மாநிலத்துக்குக் குடிவந்து, பெரிய சம்பளம் வாங்கி, பெரிய வரி கட்டத் தொடங்கியவர் இன்னும் வெளியாள். முப்பது ஆண்டுகளாக அங்கே இருந்தும் சொற்ப வரியே கட்டியவர் முழு உள்ளூர்க்காரர். எல்லைக்கு அப்பால் வசித்துக்கொண்டு தினமும் வேலைக்கு வந்து போகிறவர் இந்த மாநிலத்துக்கு வருமான வரி கட்டினாலும், பல இடங்களில் அது மட்டும் போதாது. கேனன் இருக்கிற நியூ ஹாம்ப்ஷயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது, பொது விற்பனை வரியும் கிடையாது. ஆக, வரிக் கணக்கை வைத்து மட்டும் அந்தக் கவுன்ட்டரில் நடப்பதை விளக்கிவிட முடியாது.

உச்ச நீதிமன்றமும் இந்த வாதத்தை அப்படியே விழுங்கியதில்லை. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஓராண்டு வரை அரசு உதவித்தொகை கிடையாது என்று சில மாநிலங்கள் வைத்திருந்த விதியை 1969-இல் ஷபிரோ எதிர் தாம்ப்சன் வழக்கில் அது ரத்து செய்தது. கட்டிய வரிக்கு ஏற்பத்தான் பலன் என்று ஒப்புக்கொண்டால், புதிதாக வந்தவருக்குப் பள்ளிக்கூடம், பூங்கா, நூலகம் எல்லாவற்றையுமே மறுக்கலாம் என்றாகிவிடுமே என்பது நீதிபதிகளின் கேள்வி. 1982-இல் அலாஸ்கா வழக்கு வந்தது. எண்ணெய் வருமானத்தை மாநிலம் மக்களுக்குப் பங்கு போட்டது. 1959-இல் அலாஸ்கா மாநிலமான நாளிலிருந்து ஒருவர் அங்கே இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 50 டாலர் என்று கணக்கு. பழைய ஆளுக்கு அதிகம், புது ஆளுக்குக் குறைவு. இது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. உள்ளூர்க்காரர் ஆனபிறகு அவர்களுக்குள் மூத்த குடி, இளைய குடி என்று பிரிக்கக் கூடாது. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பிரிப்பது வேறு சங்கதி. அதற்குப் பல இடங்களில் அனுமதி உண்டு.

காலி நாற்காலியும் காலியில்லாத வகுப்பறையும்

சரி, வரி மட்டும் காரணமில்லை என்றால் வேறென்ன?

மலையை முதலில் பார்ப்போம். பனிச்சறுக்குத் தளத்தின் செலவு பெரும்பாலும் முன்கூட்டியே செய்து முடித்த செலவு. லிஃப்ட் வாங்கியாயிற்று, செயற்கைப் பனி அடித்தாயிற்று, ஊழியர்கள் வேலைக்கு வந்தாயிற்று. புதன்கிழமை காலை லிஃப்ட் நாற்காலிகள் பாதி காலியாகவே ஏறி இறங்கும். அதில் கூட ஒருவர் உட்கார்ந்தால் நிர்வாகத்துக்கு ஏறக்குறைய ஒரு செலவும் இல்லை. அவர் கீழே வந்து சூப் வாங்கிக் குடித்தால் அது லாபம். ஆனால் புதன்கிழமை வரக்கூடியவர் யார்? பக்கத்து ஊரில் இருப்பவர், ஓய்வுபெற்றவர், ஷிப்டு வேலைக்காரர். தூரத்திலிருந்து வருபவர் சனி ஞாயிறிலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும்தான் வருவார். ஓட்டலுக்கும் பெட்ரோலுக்கும் செலவழித்துக் குடும்பத்தோடு வந்திறங்கியபிறகு, டிக்கெட் இருபது டாலர் கூடுதல் என்று திரும்பிப் போக மாட்டார். ஆகவே உள்ளூர்ச் சலுகைகள் பெரும்பாலும் கூட்டம் இல்லாத நாள்களில் விழுவது தற்செயல் இல்லை. கேனனில் முதியவர்களுக்கான இலவசமும் வார நாளுக்கு மட்டும்தான், விடுமுறை வாரத்துக்கு இல்லை. யாருக்கும் பெரிதாக வலிக்காத சலுகை இது.

கல்லூரியில் கதை தலைகீழ். நல்ல மாநிலக் கல்லூரியில் காலி இடமே இருக்காது. ஒரு வெளிமாநில மாணவரைச் சேர்த்தால் ஒரு உள்மாநிலப் பிள்ளைக்கு இடம் போகலாம். ஆனால் அவர் கொண்டுவரும் பணத்தில்தான் மற்ற பிள்ளைகளின் குறைந்த கட்டணம் தாக்குப்பிடிக்கிறது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு மாநிலங்கள் உயர்கல்விக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்தபோது, பல பல்கலைக்கழகங்கள் வெளிமாநிலத்திலும் வெளிநாட்டிலும் ஆள் பிடிக்கக் கிளம்பின. வெர்மான்ட் பல்கலைக்கழக மாணவர்களில் வெர்மான்ட்காரர்கள் சிறுபான்மை. அலபாமா பல்கலைக்கழகத்தில் பாதிக்கு மேல் வெளிமாநிலத்தவர்.

இந்த இழுபறியைச் சில மாநிலங்கள் உச்சவரம்பு வைத்துச் சமாளித்தன. வட கரோலினா 1986-இல், முதலாண்டில் சேருபவர்களில் வெளிமாநிலத்தவர் 18 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2017-இல்தான் இப்படியொரு வரம்புக்கு வந்தது. அதற்குள் அதன் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்கள் 18 சதவீதத்தைத் தாண்டிவிட்டிருந்தன. தாண்டியவர்கள் இருக்கிற அளவிலேயே நிற்கட்டும் என்று விட்டார்கள்.

மலையில் சலுகை என்றால் காலி இடத்தை நிரப்புவது. கல்லூரியில் சலுகை என்றால் இருக்கிற இடத்துக்குப் போட்டி போடுகிற இரண்டு பேரில் ஒருவர் மற்றவருக்காகப் பணம் கட்டுவது. அதனால்தான் கல்லூரி, யார் உள்ளூர்க்காரர் என்பதில் அவ்வளவு கறாராக இருக்கிறது. மலைக்காரர் அடையாள அட்டையில் முகவரியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டி அனுப்பிவிடுவார்.

இது சட்டப்படி சரியா?

அமெரிக்க அரசமைப்பின் நான்காம் பிரிவு, ஒரு மாநிலத்தின் குடிமக்களுக்கு மற்ற மாநிலங்களிலும் அங்குள்ள குடிமக்களுக்கு இருக்கும் உரிமைகளும் சலுகைகளும் உண்டு என்கிறது. அப்படியானால் இரட்டை விலை எப்படி நிற்கிறது? மூன்று வழக்குகளைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

முதலாவது இறால். தென் கரோலினா தன் கடற்பகுதியில் இறால் பிடிக்கும் படகுகளுக்கு உரிமக் கட்டணம் வைத்தது. உள்ளூர்க்காரருக்குப் படகுக்கு 25 டாலர். வெளிமாநிலத்தவருக்கு 2,500. பக்கத்து ஜார்ஜியாவின் மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். 1948-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணத்தைத் தூக்கி எறிந்தது. அடுத்த மாநிலத்தான் பிழைப்பில் கைவைக்கக் கூடாது.

இரண்டாவது எல்க் மான். மொன்டானாவில் எல்க் வேட்டைக்கு 1976-இல் உள்ளூர்க்காரர் 9 டாலர் கட்டினால் உரிமம். வெளிமாநிலத்தவர் எல்க் மட்டும் வேண்டும் என்று கேட்க முடியாது. மற்ற விலங்குகளையும் சேர்த்த மொத்த உரிமத்தை 225 டாலருக்கு வாங்க வேண்டும். அந்த மொத்த உரிமம் உள்ளூர்க்காரருக்கு 30 டாலர்தான். வேட்டைக்கு வழிகாட்டிப் பிழைக்கும் ஒரு மொன்டானாக்காரரும், மின்னசோட்டாவிலிருந்து வரும் வேட்டைக்காரர்கள் சிலரும் நீதிமன்றம் போனார்கள். 1978-இல் அவர்கள் தோற்றார்கள். பொழுதுபோக்கு வேட்டை ஒருவரின் அடிப்படைப் பிழைப்பு அல்ல, நாட்டின் ஒற்றுமையும் அதில் தொங்கவில்லை என்றது தீர்ப்பு. வேட்டைக்கே இப்படி என்றால் பனிச்சறுக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது, சிமென்ட். தென் டகோட்டா மாநிலத்துக்கு ரேப்பிட் சிட்டியில் சொந்தமாக ஒரு சிமென்ட் ஆலை இருந்தது. அரசாங்கமே சிமென்ட் உற்பத்தி செய்து, எந்த மாநிலத்தாருக்கும் விற்றுக்கொண்டிருந்தது. 1978-இல் கடும் தட்டுப்பாடு வந்ததும், இனி நம்ம ஊர்க்காரர்களுக்கு முதலில், மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு என்று சொல்லிவிட்டது. வயோமிங்கில் ரீவ்ஸ் என்ற கான்கிரீட் கலவை நிறுவனம் தனக்கு வேண்டிய சிமென்டில் 95 சதவீதத்தை அந்த ஆலையிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று கைவிரித்ததால் அதன் உற்பத்தி முக்கால் பங்கு விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1980-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாநிலம் ஜெயித்தது. அரசு சட்டம் போட்டு அடுத்தவர் வியாபாரத்தை மறித்தால் தவறு. தானே கடை போட்டு உட்கார்ந்தால், எந்தக் கடைக்காரரையும்போல யாருக்கு விற்பது என்று தானே முடிவு செய்யலாம். சந்தையில் தானும் ஒரு வியாபாரி என்கிற தகுதி அது.

அரசே நடத்தும் மலைக்கும் கல்லூரிக்கும் இந்தச் சிமென்ட் ஆலைத் தர்க்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. நான்கு நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு மாநிலமும் தன் சொத்தைத் தன்னவருக்கே என்று பூட்டிக்கொண்டால், ஐம்பது மாநிலங்களும் ஒரே சந்தை என்பது பேச்சளவில்தான் இருக்கும் என்ற கவலை நியாயமானது.

யார் ரெசிடென்ட்?

1971-இல் கனெக்டிகட் மாநிலம் ஒரு விதி போட்டது. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் முகவரி வெளிமாநிலமாக இருந்தால், படித்து முடிக்கும்வரை நீங்கள் வெளிமாநிலத்தவர்தான். நடுவில் என்ன நடந்தாலும் மாறாது. கலிஃபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், கனெக்டிகட்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற நேரத்தில் அங்கிருந்தே கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். ஜூன் மாதம் கல்யாணம். கணவரோடு, பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டோர்ஸ் ஊரில் குடியேறி, கனெக்டிகட் ஓட்டுநர் உரிமம் வாங்கினார், காரைப் பதிவு செய்தார், வாக்காளர் பட்டியலிலும் சேர்ந்தார். ஊருக்கே தெரியும் அவர் அங்கத்துக்காரர் என்று. பல்கலைக்கழகம் மட்டும் 'நீங்கள் வெளிமாநிலம்' என்றது. ஒஹையோவிலிருந்து வந்த இன்னொரு மாணவியும் சேர்ந்துகொள்ள, வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. 1973-இல் வந்த வ்லாண்டிஸ் எதிர் க்ளைன் தீர்ப்பு இன்றைக்கும் இந்த விஷயத்தின் அச்சாணி. உள்மாநிலத்தவருக்குக் குறைந்த கட்டணம் வைக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. ஆனால் 'நான் இப்போது இங்கத்துக்காரர்' என்று நிரூபிக்க ஒருவருக்கு வாய்ப்பே தராமல் கதவை அடைப்பது தவறு.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு மின்னசோட்டா வழக்கில், ஓராண்டு வசித்தபிறகுதான் உள்மாநிலக் கட்டணம் என்ற விதியை அதே நீதிமன்றம் ஏற்றிருந்தது. உதவித்தொகைக்குக் கூடாத ஓராண்டுக் காத்திருப்பு கல்லூரிக்கு மட்டும் ஏன் ஆகும்? உதவித்தொகை அன்றாடச் சோறு. பட்டம் அப்படியில்லை, வாங்கிக்கொண்டு மறுநாளே ஊரைவிட்டுப் போய்விடலாம். 1999-இல் இன்னொரு வழக்கிலும் கல்லூரிப் படிப்பை இப்படி எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடிய பலன் என்றே நீதிமன்றம் குறிப்பிட்டது.

இன்றைய விதிகள் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் நிற்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் 12 மாதம் வசித்திருக்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கறாராக 366 நாள். ஆனால் நாளை எண்ணுவது மட்டும் போதாது. இங்கேயே இருந்துவிடப் போகிறேன் என்ற எண்ணமும் தெரிய வேண்டும். எண்ணத்தை யார் பார்த்தார்கள்? அதனால் காகிதங்களைப் பார்க்கிறார்கள்: ஓட்டுநர் உரிமம், கார் பதிவு, வாக்காளர் பதிவு, மாநில வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம், கோடை விடுமுறையில் எங்கே இருந்தார் என்பது. படிப்புக்காக மட்டுமே வந்து தங்கிய காலம் கணக்கில் வராது. 24 வயதுக்குக் கீழே இருந்து, பெற்றோர் வேறு மாநிலத்தில் இருந்தால், தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டதையும் காட்ட வேண்டும். மூன்றாம் ஆண்டில் இன்-ஸ்டேட் ஆகிவிடலாம் என்று திட்டம் போட்டுச் சேருகிற பிள்ளைகள் இடறி விழுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான்.

வசிப்பை வைக்காமல் வேறொன்றை அளவுகோலாக வைக்கும் வழியும் உண்டு. ஆவணமில்லாமல் குடியேறியவருக்கு வசிப்பை வைத்து உள்மாநிலக் கட்டணம் தருவதானால், எந்த மாநில அமெரிக்கக் குடிமகனுக்கும் அதே சலுகையைத் தர வேண்டும் என்கிறது 1996-இன் மத்தியச் சட்டம். கலிஃபோர்னியா 2001-இல் சாமர்த்தியமாக, வசிப்பைத் தொடாமல், மூன்று ஆண்டு கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளியில் படித்தவருக்குச் சலுகை என்று எழுதியது. பிறகு வேறு மாநிலத்துக்குக் குடிபோன அமெரிக்கக் குடிமகனும் அதில் பலன் பெறலாம். மாநில உச்ச நீதிமன்றம் 2010-இல் இதை ஏற்றது. அதே 2001-இல் டெக்ஸஸ் போட்ட சட்டத்துக்கு வேறு கதி. 2025 ஜூனில் மத்திய நீதித்துறை வழக்குப் போட்டது, மாநில அரசும் தலையாட்டியது, அன்றே நீதிமன்றம் அந்தச் சட்டத்தை முடக்கிவிட்டது.

மலைப் பக்கம் வேறொரு அளவுகோல் பார்க்கக் கிடைக்கிறது. நெவாடாவில் டாஹோ ஏரிக்கரையில் இன்க்ளைன் வில்லேஜ் என்ற ஊர். அங்கே டைமண்ட் பீக் என்ற பனிச்சறுக்குத் தளத்தை ஊர் மேம்பாட்டு மாவட்டமே 1976-இல் வாங்கி நடத்துகிறது. ஊரில் மனை வைத்திருப்போர் ஆண்டுதோறும் பொழுதுபோக்கு வசதிகளுக்கென்று ஒரு கட்டணம் கட்டுகிறார்கள். பதிலுக்குப் புகைப்படம் ஒட்டிய ஒரு பாஸ், அதைக் காட்டினால் லிஃப்ட் டிக்கெட் மலிவு. இங்கே சலுகை ஆளைவிட மனையோடுதான் ஒட்டியிருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியிருந்துகொண்டு இங்கே விடுமுறை வீடு வைத்திருப்பவருக்கும் பாஸ் உண்டு. வசிப்பவர் என்பதைவிடப் பங்குதாரர் என்று சொல்வதே பொருத்தம். வரி வாதம் நேராக நிற்கும் ஒரே இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: யார் கட்டினாரோ அவருக்குச் சலுகை.

எல்லை தாண்டும் வழிகள்

மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டும் இந்தச் சுவரில் ஜன்னல் வைத்திருக்கின்றன. மின்னசோட்டாவும் விஸ்கான்சினும் ஒருவர் பிள்ளைகளை மற்றவர் ஏறக்குறைய தம் பிள்ளைகளாகவே நடத்துகின்றன. மேற்கு மாநிலங்களின் பரிமாற்றத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில், உறுப்பு மாநிலப் பிள்ளை உள்மாநிலக் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. எல்லாக் கல்லூரியும் எல்லாப் படிப்பும் அதில் வராது, பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கு 2014-இன் மத்தியச் சட்டம் தனி வழி திறந்தது.

அப்புறம் விசா. 1982-இல் மேரிலாந்து வழக்கு ஒன்றில், பன்னாட்டு அமைப்புகளில் வேலை செய்வோரின் ஜி-4 விசா பிள்ளைகளுக்கு உள்மாநிலக் கட்டணத்தை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. அந்த விசாவில் வந்தவர் அங்கேயே குடியிருக்க மத்திய அரசு தடை சொல்லாதபோது, மாநிலம் குறுக்கே நிற்க முடியாது. ஹெச்-1பி வேலை விசாவில் உள்ள பெற்றோரும், அவர்களைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளும் பல மாநிலங்களில் உள்மாநிலத்தவராகக் கருதப்படுவதற்குப் பின்னால் இதே போன்ற தர்க்கம்தான். எஃப்-1 மாணவர் விசா அப்படியில்லை. படித்துவிட்டுத் திரும்பிப் போவேன் என்ற அடிப்படையில்தான் அது கிடைக்கிறது, பிறகு இங்கேயே குடியிருப்பேன் என்று சொல்ல முடியாது. பச்சை அட்டைக்கு வரிசையில் நிற்கும் நம் குடும்பங்களில் இது கடுமையாகவே கடிக்கிறது. ஐந்து வயதில் வந்த பிள்ளை 21 வயதானதும் ஹெச்-4 தகுதியை இழந்து எஃப்-1-க்கு மாறினால், சில மாநிலங்களில் உள்மாநிலக் கட்டணமும் கூடவே போய்விடும். எனவே கல்லூரியில் இருக்கும்போதே பிள்ளைக்கு 21 ஆகிறதென்றால், சேருவதற்கு முன்பே அந்தப் பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

இந்தியாவிலிருந்து நேராக முதுகலைக்குப் போகிறவர்களுக்கும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. டீச்சிங் அசிஸ்டென்ட், ரிசர்ச் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தால் வெளிமாநிலக் கூடுதலைப் பல பல்கலைக்கழகங்கள் தள்ளுபடி செய்துவிடுகின்றன. டெக்ஸஸ் சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. உள்ளூர் மாணவர்களோடும் போட்டியிட்டு ஆண்டுக்கு 1,000 டாலருக்குக் குறையாத உதவித்தொகையை அந்தப் பல்கலைக்கழகத்திடமே பெற்றால், வெளிமாநிலக் கட்டணத்திலிருந்து அது விலக்கு அளிக்கலாம். ஆயிரம் டாலர் உதவித்தொகைக்கு நம் பிள்ளைகள் அவ்வளவு அடித்துக்கொள்வது அந்த ஆயிரத்துக்காக அல்ல. இந்த விலக்கை இத்தனை பேருக்குத்தான் தரலாம் என்று பல்கலைக்கழகத்துக்கு வரம்பு இருக்கிறது, விண்ணப்பக் கடைசி நாளும் சேர்க்கை நாளுக்கு வெகு முன்பே வந்துவிடலாம்.